கருவளரியலும் தாய்மொழிக் கல்வியும்

(கல்லூரி மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



அடைகாக்கும் கோழியின் அடியில் ஒரு முட்டை கிடக்கின்றது. முதல் நாள் அதனை உடைத்தால், மஞ்சட் கருவின் மேல் ஒரு வெண்புள்ளியே தென்படும். இரண்டாம் நாள் முடிவதற்குள் அப் புள்ளியில் நெஞ்சாங்குலை துடிக்கத் தொடங்கிவிடும். 21ஆம் நாளில் கண்ணும் காலும் அலகும் இறகும் உடைய குஞ்சு, ஓட்டைத் தானே கொத்தி உடைத்துக் கொண்டு வெளிவரும். இடைப்பட்ட நாள்களில் வெப்பமும் காற்றும் அன்றி வேறொன்றும் வெளியிலிருந்து உள்ளே சென்றதில்லை. செதுக்கிய கை இல்லை. அளந்த கோல் இல்லை. ஒன்றுமில்லாதது போல் தோன்றிய ஒரு புள்ளியிலிருந்து இத்தனையும் எவ்வாறு வந்தன?

இவ் வினாவிலிருந்து முளைத்ததே கருவளரியல் என்னும் அறிவியல் துறை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிசுட்டாட்டில், அடைவைத்த முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளில் துடிக்கும் செம்புள்ளியைக் கண்டு எழுதி வைத்தார். அவர் எழுதியது அவர்தம் தாய்மொழியில் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. இன்று தமிழகப் பல்கலைக்கழகங்களில் விலங்கியல் பயிலும் மாணவர்க்கு இத் துறை ஒரு பாடம். அவர்கள் அதனை எம் மொழியில் பயில்கின்றனர், எவ்வாறு பயில்கின்றனர், பயின்றதனால் அவர்க்கும் நாட்டுக்கும் விளைந்தது என்ன என்பவையே இவ் வுரையின் பொருள்.

பாட்டிக்குச் சொல்ல முடியாத படிப்பு

சிற்றூரிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவள் வீட்டில் கோழியை அடைவைப்பது பாட்டியின் வேலை. எந்த முட்டை பொரிக்கும், எது கூமுட்டையாகும் என்பதை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தே பாட்டி சொல்லிவிடுவாள். தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து வால் குறுகி அது தவளையாவதைக் குளத்தங்கரையில் அம் மாணவி கண்டிருக்கின்றாள். ஆடு ஈன்ற பின் நஞ்சுக்கொடி விழும் வரை தொழுவத்தில் காத்திருந்திருக்கின்றாள். கருவளரியலைக் கற்பதற்கு இவளினும் தகுதி வாய்ந்த மாணவி யார்?

ஆனால் வகுப்பறையில் நிகழ்வது என்ன? பிளாசுட்டுலா, காசுட்ருலா, இன்வாசினேசன், எபிபொலி என்று சொற்கள் ஆலங்கட்டி மழையெனத் தலைமேல் விழுகின்றன. அவள் அவற்றைக் குறித்துக் கொள்கின்றாள், மனப்பாடம் செய்கின்றாள். செய்முறைத் தேர்வில் 24 மணி நேரக் கோழிக்கரு, 48 மணி நேரக் கோழிக்கரு என்று கண்ணாடி வில்லைகளை நுண்ணோக்கியில் பார்த்து, ஏற்கெனவே ஏட்டில் வரைந்து வைத்த படத்தையே மீண்டும் வரைகின்றாள். கோடு கிழித்து ஆங்கிலப் பெயர்களைக் குறிக்கின்றாள். மதிப்பெண்ணும் பெறுகின்றாள்.

விடுமுறையில் வீடு திரும்பியவளிடம், “என்னம்மா படிக்கிறாய்?” என்று பாட்டி கேட்கின்றாள். “அது உனக்குப் புரியாது பாட்டி” என்பதே அவள் மறுமொழி. அறுபது ஆண்டுகளாக முட்டையைக் கையில் ஏந்திய மூதாட்டிக்கு முட்டை புரியாதாம்! மூன்று ஆண்டுகளாகப் பெயர்களை மட்டும் ஏந்தியவளுக்குப் புரிந்துவிட்டதாம்! இது அம் மாணவியின் குற்றமன்று. பெயரைக் கற்பித்துப் பொருளை மறைத்துவிட்ட கல்விமுறையின் குற்றம்.

அச் சொற்களின் பொருளைச் சற்றே திறந்து பாருங்கள். காசுட்ருலா என்பது 1872இல் செருமானிய அறிஞர் ஏக்கல் படைத்த சொல். ‘சிறுவயிறு’ என்பதே அதன் பொருள். பிளாசுட்டுலா என்பது ‘முளை’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. இன்வாசினேசன் என்பது ‘உறைக்குள் புகுதல்’. எபிபொலி என்பது ‘மேலே போர்த்துதல்’. காற்றிறங்கிய பந்தை ஒரு பக்கம் விரலால் அழுத்தினால் அது உட்குழிந்து ஒரு கிண்ணம் போலாகும் அன்றோ? உள்ளீடற்ற பந்து போல் இருந்த இளங்கரு ஒரு புறம் உட்குழிந்து, வயிறு போன்ற ஓர் அறையைத் தனக்குள் ஆக்கிக் கொள்ளும் நிலையே சிறுவயிற்று நிலை. இவ்வாறு சொன்னால் பாட்டிக்கும் புரியும். பேத்திக்கும் அப்பொழுதுதான் புரியும்.

பெயர்ச்சீட்டு இல்லாத இரு கருக்கள்

கருவளரியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படுபவர் காரல் எர்ன்சுட்டு வான் பேயர். 1828இல் வெளிவந்த தம் பெருநூலில் அவர் ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றார். சாராயத்தில் இட்டு வைத்த இரண்டு இளங்கருக்களுக்கு அவர் பெயர்ச்சீட்டு ஒட்ட மறந்துவிட்டார். பின்னர் எடுத்துப் பார்க்கையில் அவை பல்லியினத்தவையா, பறவையினத்தவையா, பாலூட்டியினத்தவையா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. மற்றொருவராயின் இதனை இழுக்கென்று கருதி மறைத்திருப்பர். அவரோ இதிலிருந்து ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார்: முதுகெலும்புடைய உயிர்கள் அனைத்தும் தொடக்கத்தில் ஒரே தோற்றத்தினவாய் இருந்து, பொதுவான கூறுகள் முன்னும் சிறப்பான கூறுகள் பின்னுமாகப் படிப்படியாக வேறுபடுகின்றன என்பதே அது.

பெயர்ச்சீட்டு இல்லாதபோது அவர் கண்ணால் கண்டார். தமிழ்மாணவர்க்கோ பெயர்ச்சீட்டு மட்டும் தரப்படுகின்றது, கண் மறைக்கப்படுகின்றது. அயன்மொழிச் சொல்லை உருவேற்றுதலே கல்வி என்றாகிவிட்ட இடத்தில் ஐயம் பிறப்பதில்லை. ஐயம் பிறவாத இடத்தில் ஆய்வும் பிறப்பதில்லை.

இலத்தீனிலிருந்து செருமானியத்துக்கு

இத் துறை எம் மொழியில் வளர்ந்தது என்னும் வரலாற்றையும் தமிழர் அறிதல் வேண்டும். அறிவியல் என்றாலே ஆங்கிலம் என்று மயங்கிக் கிடப்பவர்க்கு இவ் வரலாறு ஒரு மருந்தாகும்.

18ஆம் நூற்றாண்டில் அறிஞர் பலர், முட்டைக்குள்ளோ விந்துக்குள்ளோ முழு உருவும் மிகச் சிறிய அளவில் முன்னரே அமைந்து கிடக்கின்றது. அது பெருப்பதே வளர்ச்சி என்று நம்பியிருந்தனர். 1759இல் காசுபர் பிரீடிரிக்கு வோல்பு என்னும் இளைஞர் தம் ஆய்வேட்டில் இதனை மறுத்தார். உறுப்புகள் முன்னரே இருப்பதில்லை. அவை புதிதாகத் தோன்றுகின்றன என்றார். பின்னர்ப் பீட்டர்சுபர்க்கில் இருந்து, 1768-69ஆம் ஆண்டுகளில், கோழிக்கருவின் குடல் எவ்வாறு உருவாகின்றது என்பதை விரித்து எழுதினார். தட்டையான ஒரு தகடு மடிந்து மடிந்து குழாயாகின்றது என்பதே அவர் கண்ட உண்மை. முன்னரே அமைந்த குடல் என்று ஒன்று இருக்குமாயின் அது தொடக்கத்திலேயே குழாயாக இருந்திருக்க வேண்டும் அன்றோ? இத்துணை வலிய சான்று அவ் வேட்டில் இருந்தது. ஆனால் அது இலத்தீனில் எழுதப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1812இல் மெக்கல் என்பார் அதனைச் செருமானிய மொழியில் பெயர்த்து வெளியிட்ட பின்னரே அதன் அருமை பரவலாக உணரப்பட்டது.

அதன்பின் ஐந்தே ஆண்டுகளில், 1817இல், கிறித்தியான் பாண்டர் என்னும் இளைஞர் கோழிக்கருவில் மூன்று அடுக்குகள் தோன்றுவதையும், உடலின் உறுப்புகள் அனைத்தும் அவ் வடுக்குகளிலிருந்தே பிறப்பதையும் கண்டு வெளியிட்டார். அவர்தம் நண்பர் வான் பேயர் அதனைப் பிற உயிர்களுக்கும் விரித்தார். பாலூட்டிகளின் முட்டையை வான் பேயர் கண்டறிந்து 1827இல் வெளியிட்ட சிறுநூல் இலத்தீனில் அமைந்தது. மறு ஆண்டு வெளிவந்த பெருநூலை அவர் செருமானிய மொழியிலேயே எழுதினார்.

மொழி மாறியபோது சொற்களும் மாறின. பாண்டர் கண்ட அடுக்குகளுக்குச் செருமானியர் இட்ட பெயர் ‘கைம்பிளாட்டு’ என்பது. ‘கைம்’ என்றால் முளை. ‘பிளாட்டு’ என்றால் இலை. முளையிலை! உழவன் வயலில் காணும் சொல்லை எடுத்துக் கருவுக்குச் சூட்டினர். இளங்கருவின் வாயிலுக்கு ‘ஊர்முண்டு’, அதாவது முதல்வாய் என்று பெயரிட்டனர். உட்குழிந்த அறைக்கு ‘ஊர்டார்ம்’, அதாவது முதற்குடல் என்றனர். பனிக்குடத்து நீரை ‘கனிநீர்’ என்னும் பொருளுடைய சொல்லாலும், நஞ்சினை ‘தாயப்பம்’ என்னும் பொருளுடைய சொல்லாலும் வழங்கினர். இவை தாய்மாரும் உழவரும் அறிந்த எளிய சொற்களால் ஆனவை. செருமானிய மாணவன் பாடத்தைத் திறந்தவுடன் தன் வீட்டு முற்றத்தையே அங்குக் கண்டான். ஆகலின் அவனுக்கு நூல் அயலாகவில்லை; நூலுக்கு அவனும் அயலானாகவில்லை.

ஒரு மாணவியின் கைவண்ணம்

பல்கலைக்கழகத்தில் கருவளரியல் பயின்ற ஒரு மாணவியின் வரலாறு ஈண்டு அறியத்தக்கது. அவர் பெயர் இல்டி மாங்கோல்டு. பிராங்குபர்ட்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் ஆன்சு சிபேமன் என்னும் பேராசிரியரின் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டார். அதனால் ஈர்க்கப்பட்டுப் பிரைபர்க்குப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அவரிடமே ஆய்வு மாணவியானார். ஒரு நல்ல சொற்பொழிவு, கேட்பவரின் நெஞ்சில் தங்கும் மொழியில் நிகழ்த்தப்பட்டால், என்ன செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர் எடுத்துக் கொண்டவை பல்லி போன்ற உருவமுடைய, தவளைக்கு உறவான, நீர்வாழ் சிற்றுயிர்களின் முட்டைகள். ஓரினத்தின் கரு வெளிறியது. மற்றோரினத்தின் கரு கருநிறமானது. வெளிறிய கருவிலிருந்து, முதல்வாயின் மேலுதடு எனப்படும் சிறு துண்டை வெட்டியெடுத்துக் கருநிறக் கருவின் வயிற்றுப் பக்கத்தில் வைத்து ஒட்டவிட்டார். கருவியாகப் பயன்பட்டவை கூரிய கண்ணாடி ஊசியும் குழந்தையின் மெல்லிய தலைமயிரால் ஆன கண்ணியுமே. கருக்களில் மிகப் பல அழிந்தன; மிகச் சிலவே பிழைத்தன. பிழைத்தவற்றுள் வியப்பு விளைந்தது. வயிறாக வேண்டிய இடத்தில் இரண்டாவதாக ஒரு முதுகும் நரம்புக்குழலும் தோன்றின. ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைக் கரு உண்டாயிற்று.

இரண்டாம் உடல் எவற்றால் ஆனது? நிறவேறுபாடே விடை கூறிற்று. புதிய நரம்புக்குழலின் பெரும்பகுதி கருநிறக் கண்ணறைகளால் ஆகியிருந்தது. ‘செல்’ என்று பாடநூல்கள் வழங்கும் அவ் வுயிர்க்கூறுகள் ஏற்ற கருவுக்கே உரியவை. ஒட்டப்பட்ட துண்டு தானே முழுவுடலாக மாறிவிடவில்லை. வயிற்றுத் தோலாக இருந்திருக்க வேண்டிய அண்டைக் கண்ணறைகளை நரம்பாகும்படி அது தூண்டியிருந்தது. ஆகவே கருவின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஒன்றன் ஏவலால் மற்றொன்று தன் வழியைத் தேர்கின்றது. இவ்வாறு அண்டைப் பகுதிகளை ஒழுங்குபடுத்தும் அத் துண்டுக்கு ‘ஒழுங்கமைப்பி’ என்னும் பொருளுடைய பெயர் சூட்டப்பட்டது.

1924இல் இவ் வாய்வு செருமானிய மொழியில் வெளிவந்தது. அதே ஆண்டில், வீட்டு அடுப்பு வெடித்துத் தீப்பற்றியதால், 25ஆம் அகவையிலேயே மாங்கோல்டு மறைந்தார். 1935இல் சிபேமன் நோபல் பரிசு பெற்றார். உலகக் கருவளரியலின் போக்கையே திருப்பிய அவ் வாய்வு, ஓர் இளம் மாணவி தன் தாய்மொழியில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு. அவர் ஆங்கிலத்தில் எழுதவில்லையே என்று எவரும் அதனைத் தள்ளிவிடவில்லை. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அதனைத் தேடிப் படித்தனர்.

கணு போதவில்லை

“அது பழைய கதை, இன்று செருமானியரும் ஆங்கிலத்திலன்றோ எழுதுகின்றனர்” என்பர் சிலர். உண்மைதான். இன்று உலக ஆய்விதழ்களில் பெரும்பாலன ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. ஈ வகை ஒன்றின் கருவில் உடற்கணுக்களை வகுக்கும் மரபணுக்களைத் தேடிக் கண்ட நுசுலைன் வோல்கார்டு, வீசாசு ஆகிய இருவரும் 1980இல் தம் ஆய்வை ஆங்கிலத்திலேயே வெளியிட்டனர். 1995இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றனர். இதனை மறைத்தல் வேண்டா.

ஆனால் அவ் வகை ஈயின் கருவளர்ச்சி மரபணுக்களின் பெயர்களைப் பாருங்கள். ஒன்றன் பெயர் குரூப்பெல். ஊனமுற்றவன் என்னும் பொருளுடைய செருமானியச் சொல். மற்றொன்று சிபெட்சுலே, செருமனியின் தென்பகுதியில் வீடுகளில் செய்யும் மாவுணவின் பெயர். வேறொன்று ‘பூசித்தராசு’; அது சப்பானியச் சொற்றொடர். ‘பூசி’ என்றால் மூங்கில் முதலியவற்றின் கணு. ‘தராசு’ என்றால் போதவில்லை என்பது. அம் மரபணு கெட்டால் கருவில் உடற்கணுக்கள் குறைந்துவிடுகின்றன. ஆகலின் ‘கணு போதவில்லை’ என்று பெயரிட்டனர். உலகெங்கும் உள்ள ஆய்வாளர் இன்று அச் சப்பானியச் சொல்லையே நாள்தோறும் வழங்குகின்றனர். கண்டவன் பெயரிடுகின்றான், காணாதவன் அதனை உருவேற்றுகின்றான். உலகெங்கும் இதுவே நடைமுறை.

சப்பானியர் தம் பல்கலைக்கழகங்களில் பட்ட வகுப்புகளைப் பெரிதும் தம் மொழியிலேயே நடத்துகின்றனர். கருவின் அடுக்கை அவர்களும் ‘கருவிலை’ எனப் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றனர். கருவின் வாயிலை ‘முதல்வாய்’ எனப் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றனர். அவ்வாறு பயின்றவர் அறிவியலில் பின்தங்கினரா? முதிர்ந்த கண்ணறையை மீண்டும் இளங்கருக் கண்ணறை போன்ற நிலைக்குத் திருப்பலாம் என்று 2006இல் எலியின் கண்ணறைகளைக் கொண்டு காட்டி, 2012இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற யாமனாக்கா சப்பானியரே. வெளியுலகுக்கு அறிவிக்க ஆங்கிலம் பயன்படுகின்றது. உள்ளத்துக்குள் விளைவிக்கத் தாய்மொழி பயன்படுகின்றது. விளையாத நிலத்துக்குச் சந்தை எதற்கு?

தமிழில் சொல் இல்லையா?

தமிழில் இத் துறைக்குச் சொல் இல்லை என்பது அடுத்த தடை. கரு, சூல், சினை, முட்டை, முளை, குருத்து, கொழுந்து, பனிக்குடம், கொப்பூழ்க்கொடி, நஞ்சுக்கொடி, தலைப்பிரட்டை என்று அடுக்கிக் கொண்டே போகலாம். உயிர்களின் இளமைப் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதாக வகுத்துத் தொடங்குகின்றது. மொழிஞாயிறு பாவாணர் எடுத்துக் காட்டியவாறு, மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னம்பிஞ்சு குரும்பை. பூவோ அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என நிலைதோறும் பெயர் மாறுகின்றது. வளர்ச்சியின் படிநிலைகளைக் கூர்ந்து நோக்கித் தனித்தனிப் பெயரிட்ட மொழிக்கு, வளர்ச்சியைப் பற்றிய அறிவியலைச் சொல்ல வலிமை இல்லை என்பது நகைப்புக்குரியது.

இதனால் பண்டைத் தமிழர் கருவளரியல் முழுவதையும் அறிந்திருந்தனர் என்று பொய்ப்பெருமை பேசுதல் கூடாது. நுண்ணோக்கி இன்றிக் கண்ணறையைக் காணவியலாது. காணாததற்குப் பெயர் இராது. இல்லாத சொற்கள் பல உள. அவற்றை ஆக்குதல் இன்றைய தமிழர் கடன். வித்தும் எருவும் முன்னோர் தந்துள்ளனர், உழவேண்டியவர் வாழ்வோரே.

ஆக்கும் முறையிலும் விழிப்பு வேண்டும். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1857இலேயே மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்றைத் தமிழில் வெளியிட்டார். அயல்நாட்டவர் ஒருவர் தமிழின் ஆற்றலில் வைத்த நம்பிக்கை, இன்று தமிழ்ப்பெற்றோர் பலர்க்கு இல்லை என்பது தலைகுனியத் தக்கது. ஆயினும் உடற்கூற்றியல் பற்றி 1872இல் வெளிவந்த பெருநூலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று பெயர் வைத்தனர். ஆங்கிலத்தை நீக்கிவிட்டு அவ் விடத்தில் சமற்கிருதத்தை அமர்த்தினால் மாணவனுக்குக் கிடைக்கும் பயன் என்ன? ஒரு மூடியைக் கழற்றி மற்றொரு மூடியை இடுவதே அது. 1916இல் மறைமலையடிகளால் தொடங்கப்பெற்ற தனித்தமிழ் இயக்கம் வெறும் வெறுப்பினால் எழுந்ததன்று. சொல் தன் பொருளைத் தானே காட்டி நிற்றல் வேண்டும் என்னும் அறிவியல் நெறியும் அதனுள் அடங்கியுள்ளது. முளையிலை, முதல்வாய், முதற்குடல், நரம்புக்குழல், உடற்கணு, தூண்டல் என்னும் சொற்களைக் கேட்ட அளவில் படம் கண்முன் தோன்றுகின்றது அன்றோ?

இருபத்தெட்டு நாள்

மொழிச்சிக்கல் ஏட்டோடு நின்றுவிடுவதன்று. அது உயிரோடு தொடர்புடையது. கருவளரியல் கண்ட உண்மைகளுள் ஒன்றை எடுத்துக் கொள்க. மாந்தக் கருவின் முதுகுப்புறத்தில் ஒரு தகடு மடிந்து, விளிம்புகள் கூடி, நரம்புக்குழலாக மூடிக் கொள்கின்றது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்தே உண்டாகின்றன. கருவுற்ற ஏறத்தாழ 28 நாள்களுக்குள் அக் குழல் மூடிவிட வேண்டும். மூடாது போனால் தலைப்பகுதியில் மூளை உருவாகாத குறையோ, முதுகுப்பகுதியில் தண்டுப் பிளவோ நேரும்.

இருபத்தெட்டு நாள் என்பது எவ்வளவு? நாள் தள்ளிப் போயிற்று என்று ஒரு பெண் ஐயுறும் பொழுதே அதில் பாதி கடந்திருக்கும். அவள் மருத்துவமனைக்குச் செல்லும் பொழுது பெரும்பாலும் முழுதும் முடிந்திருக்கும். போலிக்கு அமிலம் என்று மருத்துவர் வழங்கும் ஊட்டம் இக் குறையைப் பெரிதும் தடுக்கின்றது. இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது; இலைக்காடி எனலாம். முன்னர் இக் குறையுடைய பிள்ளையைப் பெற்ற தாய்மாரிடையே நடத்தப்பட்டு 1991இல் வெளிவந்த ஆய்வில், இக் குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. கருவுறுவதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்கிரோகிராம் அளவு உட்கொள்ளுமாறு பெண்களுக்கு மருத்துவ உலகம் அறிவுறுத்துகின்றது. கீரையும் பயறும் நல்லவை; ஆயினும் வில்லையும் வேண்டும்; அதுவும் முன்னரே வேண்டும்.

இந்த ‘முன்னரே’ என்னும் சொல்லை மணமாகப் போகும் பெண்ணுக்கு யார் சொல்வது? மருத்துவரிடம் அவள் செல்லும் முன் சொல்லவேண்டிய செய்தி இது. வீட்டில் சொல்லவேண்டும், திண்ணையில் சொல்லவேண்டும், தமிழில் சொல்லவேண்டும். அதனைச் சொல்லத் தக்கவள் அவ் வூரிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற அம் மாணவியே. நரம்புக்குழல் மூடும் படத்தை அவள் தேர்வில் வரைந்திருக்கின்றாள். ஆனால் தன் தங்கைக்கு அதனைச் சொல்ல அவளுக்குச் சொல் இல்லை. அவள் கற்ற கல்வி ஊர் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

மறுபுறமும் உண்மையே. 1957இல் மேற்குச் செருமனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தைச் சூல்கொண்ட தாய்மார் பலர் குமட்டலுக்கும் தூக்கமின்மைக்கும் உட்கொண்டனர். கையும் காலும் குறையுற்ற பிள்ளைகள் பிறந்தனர். உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். கருவுற்ற ஏறத்தாழ 20 முதல் 36 நாள்களுக்குள் உட்கொண்டாலே இக் கேடு விளைந்தது. 1961இல் இதனை வெளிப்படுத்தியவருள் ஒருவர் இலென்சு என்னும் செருமானியக் குழந்தை மருத்துவர். அவர் தாய்மாரிடமே சென்று, எந் நாளில் என்ன உட்கொண்டீர்கள் என்று கேட்டறிந்தார். தாய்மாரின் மறுமொழியே அறிவியற் சான்றாயிற்று. தாய்மாரோடு பேசத் தெரிந்த மருத்துவனால் மட்டுமே அது கூடும்.

செய்யவேண்டுவன

1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்புத் தொடங்கப்பெற்றது. அதனை அடுத்த ஆண்டுகளில் கல்லூரிப் பாடநூல்கள் நூற்றுக்கணக்கில் தமிழில் வெளியிடப்பட்டன. அப் பணியைச் செய்தோர் போற்றற்குரியர். ஆயினும் அறிவியல் நின்ற இடத்தில் நிற்பதன்று. ஈக்கும் எலிக்கும் மாந்தர்க்கும் உடலமைப்பை வகுக்கும் மரபணுக்களில் பொதுவான ஒரு பகுதி உண்டு என்பது 1980களில் அறியப்பட்ட உண்மை. கண்ணறையை இளநிலைக்குத் திருப்பியது 2006இல். பழைய நூலில் இவை எவ்வாறு இருக்கும்? நூலைப் புதுக்காது விட்டுவிட்டுத் தமிழில் நூல் இல்லை என்று குறை கூறுதல், கிணற்றைத் தூர்வாராது விட்டுத் தண்ணீர் இல்லை என்று அழுவதை ஒக்கும்.

தமிழ்வழியில் பயின்றவர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. அது நன்று. ஆனால் வேலைக்காக மட்டும் தமிழ் என்றால், வேலை கிட்டாத அன்று தமிழும் கைவிடப்படும். புரிதலுக்காகத் தமிழ் என்னும் எண்ணம் வேரூன்றவேண்டும்.

ஆசிரியர்கள் முதற்கண் செய்யவேண்டுவது, ஒவ்வொரு சொல்லின் பொருளையும் திறந்து காட்டுவது. எந்த ஆங்கிலச் சொல்லையும் பொருள் கூறாது கரும்பலகையில் எழுதுவதில்லை என்று உறுதி பூணல் வேண்டும். மாணவர்கள் தம் செய்முறை ஏட்டின் ஒவ்வொரு படத்துக்கும் கீழே, தம் வீட்டார்க்குப் புரியுமாறு ஐந்து வரி தமிழில் எழுதிப் பழகல் வேண்டும். எழுத இயலாதாயின், பாடம் இன்னும் புரியவில்லை என்று தெளிக. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பொழுது கோழி, ஆடு, மாடு வளர்ப்போரிடமும், மகப்பேறு பார்த்த மூதாட்டிகளிடமும் வழங்கும் சொற்களைத் தொகுத்துக் கொணர்தல் வேண்டும். ஆங்கிலத்தையும் செவ்வனே கற்க. அது உலகச் செய்தியைக் கொணரும் கருவி. கருவியைத் தலைவனாக்கிவிடல் வேண்டா.

முட்டையின் ஓடு காப்பாகவும் இருக்கின்றது. உரிய நாளில் உடைக்கப்படாவிடின் அதுவே குஞ்சுக்குச் சவப்பெட்டியும் ஆகின்றது. குஞ்சு உள்ளிருந்து தானே கொத்தினால்தான் வெளிவரும். அயன்மொழி என்னும் ஓட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் தமிழ்மாணவரும் தாமே கொத்துதல் வேண்டும். அடுத்த விடுமுறையில் பாட்டி மீண்டும் கேட்பாள்: “என்னம்மா படிக்கிறாய்?” அம் மாணவி ஒரு முட்டையை எடுத்து விளக்கொளியில் பிடித்து, “இங்கே பார் பாட்டி, இந்தப் புள்ளியில் முளையிலை மூன்று தோன்றும்” என்று தொடங்கட்டும். அருகில் தங்கையும் அமர்ந்து கேட்கட்டும். அன்றுதான் அவள் பட்டம் பெற்றவள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ் அறிவியல்!